கடைசி பெஞ்சின் மானம்



ஒரு பத்தாம் வகுப்பு அறை. அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் நாள். கணக்கு ஆசிரியர் விடைத்தாள் கட்டோடு உள்ளே வருகிறார். கட்டின் மேலே இருப்பது 98. அடியில் இருப்பது 11. அந்த வரிசையிலேயே பெயர்கள் வாசிக்கப்படுகின்றன. முதல் ஐந்தாறு பெயர்களுக்கு வகுப்பே திரும்பிப் பார்க்கிறது. நடுவில் சலசலப்பு எழுந்து அடங்குகிறது. கட்டு மெலிய மெலிய, கடைசி பெஞ்சில் இருக்கும் நான்கு பேர், இன்னும் எத்தனை தாள் பாக்கி என்று கண்ணாலேயே எண்ணத் தொடங்குகிறார்கள். கடைசித் தாளுக்கு உரியவன் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, சிரித்தபடியே போய் வாங்குகிறான். தன் இடத்துக்குத் திரும்பும் அந்தப் பத்தடிக்குள், சிவப்பு மையில் மதிப்பெண் போட்டிருக்கும் மூலையை முக்கோணமாக உள்பக்கம் மடித்துவிடுகிறான். உட்கார்ந்ததும் பக்கத்தில் இருப்பவனிடம் சொல்கிறான்: "நான் படிக்கவே இல்லடா மச்சான்."

ஆசிரியர் கண்ணில் பட்டது அந்தச் சிரிப்பு. "கொஞ்சமாவது வெட்கம் இருக்கா பாரு" என்கிறார். அவர் கண்ணில் படாதது அந்த மடிப்பு. இன்றைய பேச்சு அந்த மடிப்பைப் பற்றியது.

படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தமிழில் பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை. மக்கு, தத்தி, மரமண்டை, உதவாக்கரை. இவை வகுப்பில் சொல்லக் கூடாதவை என்ற உணர்வு வந்த பிறகு, 'மெல்லக் கற்போர்' வந்தது, 'மெல்ல மலரும் மாணவர்கள்' வந்தது. நல்ல மனத்தோடு வந்த பெயர்கள்தான். ஆனால் ஆசிரியர் அறையில் புழங்கும் பெயர்கள் வேறு. சென்டம் எடுக்கிற பிள்ளை, பார்டர் கேஸ், தேறாத கேஸ். பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பட்டியல் வாசிக்கப்பட்டு, ஒரு கூட்டம் மட்டும் தனியாக வேப்பமரத்தடிக்கு அனுப்பப்படுகிறது. கையில் 'மினிமம் மெட்டீரியல்' என்ற ஜெராக்ஸ் கட்டு. 35 மதிப்பெண்ணுக்கு எது போதுமோ அது மட்டும் அதில் இருக்கும். மரத்தடிக்கு நடந்து போகிற பிள்ளைக்குத் தான் எந்தப் பட்டியலில் இருக்கிறோம் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மெல்ல மலர்வது என்றால் என்ன என்று வகுப்பிலேயே முதலில் புரிந்துகொள்பவன் அவன்தான்.

அந்தப் பிள்ளை தன்னைப் பற்றி என்ன நினைக்கிறான் என்பதில் பெரியவர்களிடம் இரண்டு கருத்துகள் உண்டு. ஒன்று, அவனுக்கு எதுவுமே உறைப்பதில்லை, எருமை மாட்டின் மேல் மழை பெய்தது மாதிரி என்பது. இன்னொன்று, பாவம், தாழ்வு மனப்பான்மையில் ஒடுங்கிக் கிடக்கிறான் என்பது. இரண்டும் அவனைச் சரியாகப் பார்க்கவில்லை.

அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில், பெர்க்லியில், மார்ட்டின் கோவிங்டன் என்ற உளவியலாளர் இருந்தார். மாணவர்களின் தோல்வி பயத்தையே தம் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டவர். 1979-ல் அவரும் கரோல் ஓமலிக்கும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களிடம் சில நிலைமைகளைக் கற்பனை செய்து பார்க்கச் சொன்னார்கள். நன்றாகப் படித்தும் தோற்றுப் போனால் எப்படி இருக்கும்? படிக்காமல் தோற்றால்? படிக்காததற்குத் தக்க காரணம் ஒன்று இருந்தால்? பிறகு அதே மாணவர்களை ஆசிரியர் இடத்தில் வைத்து, யாரை அதிகம் கண்டிப்பீர்கள் என்று கேட்டார்கள். ஆசிரியர் இடத்தில் இருந்தபோது அவர்கள் அதிகம் கண்டித்தது, படிக்காமல் தோற்றவனை. மாணவர் இடத்தில் இருந்தபோது அவர்களுக்கு அதிகம் அவமானமாக இருந்தது, உயிரைக் கொடுத்துப் படித்தும் தோற்பது.

ஏன் என்று கேட்டால் விடை எளிது. படிக்காமல் 11 எடுத்தால், "படிக்கவில்லை, அதனால் வரவில்லை" என்று சொல்லிக்கொள்ளலாம். விடிய விடியப் படித்து 11 எடுத்தால் சொல்லிக்கொள்ள ஒன்றுமே மிஞ்சாது. "உனக்கு அவ்வளவுதான்" என்பது ஊரறிய உறுதியாகிவிடும். ஆகவே படிக்காமல் இருப்பது அந்தப் பையனுக்கு ஒரு காப்பு. தேர்வுக்கு முந்தின நாள் கிரிக்கெட் மட்டையைத் தூக்குகிறான், புத்தகத்தைத் தொலைக்கிறான், தேர்வன்று வயிற்றுவலி என்கிறான். சோம்பல் என்று வீடும் பள்ளியும் பெயர் வைத்திருப்பதில் பெரும் பகுதி, மானத்தைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடு. ஆசிரியர் கேட்பது முயற்சியை. அவனுக்கு ஆபத்தாக இருப்பதும் அதே முயற்சிதான். இருவரும் எதிரெதிரே நிற்கிறார்கள், இருவருக்கும் அது தெரிவதில்லை.

இதற்குச் சான்று தேடி பெர்க்லிவரை போக வேண்டியதுகூட இல்லை. எந்தப் பள்ளியிலும் தேர்வறை வாசலில் நின்று காதைக் கொடுத்தால் போதும். "ஒண்ணுமே படிக்கலடா, போச்சு" என்று 98 எடுக்கப் போகிறவனும் சொல்கிறான், 11 எடுக்கப் போகிறவனும் சொல்கிறான். இருவரும் ஒரே குடையின் கீழ்தான் ஒதுங்குகிறார்கள். முதலாமவனுக்கு அது முன்னெச்சரிக்கை, இரண்டாமவனுக்கு அதைவிட்டால் வேறு இடமில்லை.

மானம் பள்ளிக்குள் கிடைக்காதபோது பிள்ளைகள் அதைப் பள்ளிக்கு வெளியே தேடிக்கொள்கிறார்கள். இங்கிலாந்தின் தொழில் நகரம் ஒன்றில், 1970-களின் தொடக்கத்தில், பால் வில்லிஸ் என்ற ஆய்வாளர் தொழிலாளர் வீட்டுப் பையன்கள் 12 பேரோடு பள்ளியின் இறுதிக் காலத்திலும், பிறகு அவர்கள் வேலைக்குப் போனபோதும் கூடவே இருந்து பார்த்தார். 1977-ல் புத்தகமாக எழுதினார். ஆசிரியர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டும் மாணவர்களுக்கு அந்தப் பையன்கள் 'காது ஓட்டைகள்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கேட்பதற்கு மட்டுமே இருக்கிறவர்கள் என்று பொருள். தோற்றவர்கள் என்று அவர்கள் தங்களை நினைக்கவே இல்லை. கேலி, துணிச்சல், ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமை என்று அவர்களுக்குத் தனி மதிப்பீடு இருந்தது. அந்த மதிப்பீடே அவர்களை நேராகத் தொழிற்சாலை வாசலில் கொண்டுபோய் விட்டது என்பது வில்லிஸ் கண்ட வேதனை. நம் ஊரில் பைக் ஓட்டிக் காட்டுவது, கோயில் திருவிழாவில் முன்னால் நின்று வேலை செய்வது, ஃப்ளெக்ஸ் பேனரில் நண்பர்களோடு படம் போட்டுக்கொள்வது எல்லாம் இதன் உறவுதான். சென்டம் எடுத்தவர்கள் படத்தைப் பள்ளி வாசலில் பேனராகக் கட்டுகிறோம். அதில் இடம் கிடைக்காதவன் தனக்கொரு பேனரைத் தெருமுனையில் கட்டிக்கொள்கிறான்.

இனி, மற்றவர் பார்வை.

1964-ல் கலிபோர்னியாவின் தென் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தொடக்கப்பள்ளி. ராபர்ட் ரோசந்தால் என்ற உளவியலாளரும் அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் லெனோர் ஜேக்கப்சனும் 18 வகுப்புகளின் பிள்ளைகளுக்கு ஒரு தேர்வு வைத்தார்கள். ஐந்தில் ஒரு பங்கு பிள்ளைகளின் பெயரைச் சொல்லி, இவர்கள் இந்த ஆண்டில் திடீரென்று மலரப் போகிறவர்கள் என்று ஆசிரியர்களிடம் தெரிவித்தார்கள். உண்மையில் அந்தப் பெயர்கள் குலுக்கல் முறையில் எடுக்கப்பட்டவை. எட்டு மாதம் கழித்துச் சோதித்தபோது, முதலாம், இரண்டாம் வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட மேலே போயிருந்தார்கள். 1968-ல் வந்த இந்த ஆய்வு உலகப் புகழ் பெற்றது, கடுமையான விமரிசனமும் பெற்றது. மேல் வகுப்புகளில் அந்த விளைவு தெளிவாகத் தெரியவில்லை. லீ ஜஸிம், கென்ட் ஹார்பர் இருவரும் 35 ஆண்டுக் கால ஆய்வுகளைத் திரட்டி 2005-ல் சொன்ன முடிவு நிதானமானது: ஆசிரியரின் எதிர்பார்ப்பு பிள்ளையை மாற்றுவது பொதுவாகச் சிறிய அளவில்தான். ஆனால் சமூகத்தில் ஏற்கெனவே தாழ்த்திப் பார்க்கப்படும் பிள்ளைகளிடம் அதன் பலம் கூடுதலாக இருக்கக்கூடும். இந்தப் பிற்பகுதியை நம் நாட்டில் யாரும் லேசாகக் கடந்துபோக முடியாது.

ஏனென்றால் அதற்கான சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமம் ஒன்றில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்களை அழைத்து, காகிதத்தில் வரைந்த புதிர்ப்பாதைகளுக்கு வழி கண்டுபிடிக்கச் சொன்னார்கள். சரியாகப் போடும் ஒவ்வொன்றுக்கும் காசு. உயர்த்தப்பட்ட சாதிச் சிறுவர்கள் 321 பேர், தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுவர்கள் 321 பேர். சாதியைப் பற்றிப் பேச்சே எடுக்காத குழுக்களில் இரு தரப்புக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. வேறு சில குழுக்களில், விளையாட்டு தொடங்கும் முன் ஒவ்வொரு சிறுவனின் பெயரையும், ஊரையும், தந்தை பாட்டன் பெயரையும், சாதியையும் எல்லார் முன்னிலையிலும் வாசித்தார்கள். அவ்வளவுதான் செய்தார்கள். தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுவர்கள் போட்ட புதிர்களின் எண்ணிக்கை சட்டென்று இறங்கியது. மூளை அதே மூளை, காகிதம் அதே காகிதம். நடுவில் ஒருவர் வாசித்த நான்கு வார்த்தைகள்தான் புதிது.

தமிழ்நாட்டு வகுப்பறைகளில் சாதியை அப்படி உரக்க வாசிப்பதில்லை. ஆனால் "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்ற வசவு எத்தனை வகுப்பறைகளில் ஒலித்திருக்கிறது? அந்த ஒரு வரியில் பிள்ளையின் அறிவு, அவன் அப்பாவின் தொழில், அவன் எதிர்காலம் மூன்றும் சேர்ந்து அடிபடுகின்றன. அதைக் கேட்கும் பையனின் வீட்டில் உண்மையாகவே இரண்டு மாடு இருக்கலாம். காலையில் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டுத்தான் அவன் பள்ளிக்கே வந்திருக்கலாம். 1953-ல் ராஜாஜி அரசு கொண்டுவந்த புதிய தொடக்கக் கல்வித் திட்டம், பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் தொழில் என்றது. குலக்கல்வி என்று பெயர் சூட்டி இந்த மாநிலம் அதை எதிர்த்தது. 1954-ல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். அப்பன் தொழிலே பிள்ளையின் விதி என்பதை அரசாணையிலிருந்து அப்படித் துடைத்த மாநிலம் இது. அதே எண்ணம் வசவாக வகுப்பறையில் தங்கிவிட அனுமதித்திருப்பது பெரிய தவறு.

பெண் பிள்ளைகளைப் பற்றி இந்தப் பேச்சில் தனியாகச் சொல்லியாக வேண்டும். பின்தங்கிய பையன் சத்தம் போட்டாவது கண்ணில் படுகிறான். பின்தங்கிய பெண் பெரும்பாலும் படுவதே இல்லை. அவள் நோட்டு மிகச் சுத்தமாக இருக்கும். தலைப்புகளுக்குப் பச்சை ஸ்கெட்ச், அடிக்கோடு இரட்டைக் கோடு, கரும்பலகையில் இருப்பது ஒரு புள்ளி விடாமல் நோட்டில் இருக்கும். என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டால் தலை குனிவாள். நோட்டைத் திருத்துகிறவர் 'குட்' போட்டு நகர்ந்துவிடுவார். அந்த அழகான நோட்டும் ஒரு மடிப்புதான். பத்தாம் வகுப்பில் இரண்டு பாடம் போய்விட்டால், அவளுக்குத் துணைத்தேர்வைவிட மில் வேலையோ மாப்பிள்ளையோ முன்னதாக வந்து நிற்கும்.

அப்படியானால், "உன்னால் முடியும், நீ வைரம்" என்று தட்டிக்கொடுத்தால் சரியாகிவிடுமா? தன்னம்பிக்கைப் பேச்சாளர்களைக் கூப்பிட்டு இரண்டு மணி நேரம் கைதட்ட வைத்தால் போதுமா? போதாது. சில நேரம் கெடுதலும் உண்டு. டொனெல்சன் ஃபோர்சித்தும் அவருடைய குழுவினரும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், உளவியல் பாடத்தில் மோசமாக எழுதியிருந்த கல்லூரி மாணவர்களுக்கு வாரந்தோறும் மின்னஞ்சல் அனுப்பினார்கள். ஒரு பிரிவுக்குப் பாடத்தைப் பற்றிய கேள்வி மட்டும். இன்னொரு பிரிவுக்கு அதோடு சேர்த்து, உங்களை உயர்வாக நினையுங்கள் என்ற ஊக்கச் செய்தி. தோற்கும் நிலையில் இருந்தவர்களில் இந்த ஊக்கம் பெற்றவர்கள் இறுதித் தேர்வில் இன்னும் கீழே போனார்கள். ராய் பாமைஸ்டர் முதலானோர் 2003-ல் செய்த பெரிய தொகுப்பாய்வும், சுயமதிப்பை ஊதிப் பெருக்குவதால் மதிப்பெண் உயர்ந்ததாகச் சான்றில்லை என்றே முடிந்தது. தனக்கு வகுத்தல் கணக்கு வரவில்லை என்பது பிள்ளைக்கே தெரியும். அதைக் கண்டுகொள்ளாமல் நீ வைரம் என்பவரை அவன் நம்புவதில்லை.

உண்மையில் அங்கேதான் சிக்கலின் வேர் இருக்கிறது. 2023-ல் இந்தியாவின் 28 கிராமப்புற மாவட்டங்களில், 14 முதல் 18 வயதுக்கு உட்பட்டவர்களிடம் எடுக்கப்பட்ட 'அசர்' (ASER) என்ற கல்விநிலைக் கணக்கெடுப்பில், கால்வாசிப் பேரால் தங்கள் மொழியில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றி வாசிக்க முடியவில்லை. மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்க முடிந்தவர்கள் 43.3 சதவீதம். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு மூன்றாம், நான்காம் வகுப்பில் கற்க வேண்டிய கணக்கு வரவில்லை. அப்படி ஒரு பையன் இருபடிச் சமன்பாட்டின் முன் எப்படி உட்கார்ந்திருப்பான்? ஆறு வருடத்துக்கு முன்பே பஸ்ஸைத் தவறவிட்டவன் அவன். ஒவ்வொரு ஆண்டும் அடுத்த வகுப்புக்கு அனுப்பப்பட்டான், அந்த பஸ்ஸில் அவனை ஏற்றிவிட யாரும் வரவில்லை. ஒன்பதாம் வகுப்பு முடியும்போது, நூறு சதவீதத் தேர்ச்சிக்கு இடைஞ்சல் என்று, "வேறு ஸ்கூல் பாருங்க, டிசி தர்றோம்" என்று அவன் அம்மாவிடம் சொல்லும் பள்ளிகளும் இருக்கின்றன. கூலி வேலையை அரைநாள் விட்டுவிட்டு வந்த அந்தத் தாய், பிள்ளைக்கு முன்னால் கைகட்டி நின்று அதைக் கேட்டுக்கொள்கிறார். அவன் எதை மறந்தாலும் அதை மறக்கமாட்டான்.

இத்தாலியின் தஸ்கனி மலைப்பகுதியில் பார்பியானா என்று ஒரு சிற்றூர். சில பண்ணை வீடுகள், ஒரு தேவாலயம். 1954-ல் லொரென்ஸோ மிலானி என்ற பாதிரியார் அங்கே அனுப்பப்பட்டார். அரசுப் பள்ளிகள் ஃபெயிலாக்கித் துரத்திய விவசாயி வீட்டுப் பிள்ளைகளை வைத்து அவர் ஒரு பள்ளி நடத்தினார். ஆண்டில் 365 நாளும் வகுப்பு. அங்கே பாடம் புரியாதவனுக்குத்தான் முதல் இடம். அவனுக்குப் புரியும்வரை மற்றவர்கள் மேலே போகமாட்டார்கள். முன்னால் இருப்பவன் பின்னால் இருப்பவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். படிக்கத் தகுதியில்லாதவர்கள் என்று தள்ளப்பட்ட அந்தப் பிள்ளைகளில் எட்டுப் பேர் சேர்ந்து, தங்களை ஃபெயிலாக்கிய ஆசிரியைக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார்கள். 1967-ல் அது புத்தகமாக வந்தது. தமிழிலும் வாசிக்கக் கிடைக்கிறது.

அந்தப் புத்தகத்தில் அழுகை குறைவு, கணக்கு அதிகம். யார் ஃபெயிலாகிறார்கள், அவர்கள் அப்பா என்ன வேலை செய்கிறார், எந்த வகுப்போடு பள்ளியை விட்டார்கள் என்று அட்டவணை போட்டுக் காட்டினார்கள். கணக்கு வராதவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் புள்ளிவிவரத்தாலேயே ஒரு நாட்டின் பள்ளிமுறையைக் கூண்டில் ஏற்றினார்கள். யாரும் அவர்களிடம் நீங்கள் வைரம் என்று சொல்லிக்கொண்டிருக்கவில்லை. மிலானி கடினமான வேலையைக் கொடுத்தார், அதைச் செய்து முடிக்கும்வரை கூட இருந்தார். தங்களைப் பற்றிய எண்ணம் அதற்குப் பிறகு தானாக மாறியது. புத்தகம் வெளியான சில வாரங்களில், ஜூன் மாதம், மிலானி இறந்துபோனார். வயது 44.

பார்பியானாவை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவர முடியாது. 40 பிள்ளைகள், ஐந்து பாடம், தேர்ச்சி விழுக்காடு ஏன் குறைந்தது என்று விளக்கம் கேட்கும் மேலதிகாரி, இத்தனைக்கும் நடுவில்தான் நம் ஆசிரியர்கள் நிற்கிறார்கள். அவர்களைக் குற்றவாளியாக்குவது இந்தப் பேச்சின் நோக்கமல்ல. ஆனால் செலவில்லாமல், அரசாணை இல்லாமல் செய்யக்கூடியவை சில உண்டு. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் நூற்றுக்கணக்கான வகுப்புகளின் ஒலிப்பதிவைக் கேட்டு ஒன்றைக் கண்டுபிடித்தார். ஒரு கேள்வியைக் கேட்ட ஆசிரியர் பதிலுக்குக் காத்திருப்பது சராசரியாக ஒரே ஒரு நொடி. நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருந்தார்கள், பின்தங்கியவனுக்குக் குறைவாக. பதில் யோசிக்க அதிக நேரம் வேண்டியவனுக்குக் குறைந்த நேரம். ஆசிரியர்கள் மூன்று நொடி காத்திருக்கப் பழகியபோது பதில்கள் நீண்டன, "தெரியாது" குறைந்தது, மக்கு என்று கருதப்பட்ட பிள்ளைகளும் வாய் திறந்தார்கள். அதைப் பார்த்த ஆசிரியர்கள் அந்தப் பிள்ளைகளைப் பற்றி வைத்திருந்த கணிப்பும் மாறத் தொடங்கியது.

தமிழ்நாடு 2017-ல் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தைக் கைவிட்டது. மே மாதம்தோறும் நாளிதழ்களின் முதல் பக்கத்தை நிறைத்த அந்தப் படங்கள் ஒரே ஆண்டில் நின்றன. உலகம் இடிந்து விழவில்லை. மாநில அளவில் விடமுடிந்த வரிசையை ஒரு வகுப்பறைக்குள் விடுவது கடினமல்ல.

இந்த அரங்கில் ஆசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள். அடுத்த தேர்வின் விடைத்தாள்களை வருகைப் பதிவேட்டு வரிசையில் கொடுங்கள். மதிப்பெண்ணை முன்பக்க மூலையில் போடாமல் உள்பக்கத்தில் போடுங்கள். 11 எடுத்தவனின் தாளில், அந்த 11 மதிப்பெண்ணுக்கு அவன் எந்தக் கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறான் என்று பாருங்கள். மறுநாள் பாடத்தை அந்தக் கணக்கிலிருந்து தொடங்கி, அவனையே கரும்பலகைக்கு அழைத்து அதைப் போட்டுக்காட்டச் சொல்லுங்கள்.